இலக்கு டயறி: வன்னிக்காரர் எதை வாங்கலாம்?

வருட இலக்குகளை எழுதிப் பார்த்துவர டிசம்பரில் புத்தகக்கடைகளுக்கு வரும் இலக்கு டயறிகள் பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான்: ஏ5 அளவு, கெட்டி மட்டை, முதலில் வாழ்க்கைச் சக்கரம் (காசு, உடல்நலம், குடும்பம் போன்றவற்றுக்குப் புள்ளி போடும் வட்டப் படம்), பிறகு மாதத்துக்கும் கிழமைக்கும் இரண்டிரண்டு பக்கங்கள். திகதி அச்சிட்டதும் உண்டு, அச்சிடாததும் உண்டு. வயலை நம்பிய குடும்பத்துக்குத் திகதி இல்லாததே சரி.

காலபோக நெல் தை, மாசியில்தான் வெட்டுக்கு வரும். ஜனவரி முதலாம் திகதி சேமிப்பு இலக்கை எழுதச் சொன்னால், காசு இன்னும் வயலில் நிற்கிறது. வெட்டு மெசின் கூலி, உரக்கடைக் கடன் எல்லாம் கழிந்து மிஞ்சியதைப் பார்த்துப் பங்குனியில் எழுதுவதுதான் நிலைக்கும். சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் குளத்துத் தண்ணீர் கிடைப்பதில்லை. எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதும் அப்போதுதான் தெளிவாகும். மாதச் சம்பளக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் திகதியிட்டதையே வாங்கலாம்.

சக்கரம் பயனுள்ள பகுதி. எட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி. ஆனால் அச்சிட்ட தலைப்புகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 'சுயவளர்ச்சி'யை வெட்டிவிட்டுக் 'கடன்' என்று எழுதுங்கள், உண்மை வெளியே வரும். எட்டையும் 10 ஆக்க முயல்பவர் சித்திரைக்குள் டயறியை மூடிவிடுவார். ஆகக் குறைந்த புள்ளி உள்ளவற்றில் எதைச் சரிசெய்தால் மற்றவையும் எழும்பும் என்று பார்த்து அதை முதலில் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அது கடனாகவோ உடல்நலமாகவோ இருக்கும். மொத்தம் மூன்று இலக்குகள் போதும். டயறி பன்னிரண்டுக்கு இடம் விட்டிருப்பது அதன் பெரிய குறை. வெறும் பெட்டியைக் கண்டால் கை சும்மா இராது.

"காசு சேர்க்கவேணும்" என்று எழுதினால் எதைச் செய்வதென்று தெரியாது. "நெல் வித்த அன்றே அடகுக் காசில் பாதி கட்டுறது, வைகாசிக்குள் காப்பை மீட்கிறது" என்றால் நாளும் செயலும் கிடைக்கின்றன. "உடம்பைப் பார்க்கவேணும்" என்பதற்குப் பதில் கிழமைக்கு 5 நாள் 30 நிமிட நடை. வெட்டு நாட்களில் அது தேவையில்லை, வயலே போதுமான நடை தரும்.

மாதப் பக்கத்தில் இலக்குக்கு முன் செலவு நாட்களைக் குறியுங்கள்: வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா, பிள்ளைகளின் பரீட்சைக் காலம். இதை விட்டால் சேமிப்புக் கணக்கு அந்த மாதங்களில்தான் உடையும். கிழமைப் பக்கத்துக்கு ஞாயிறு இரவு 15 நிமிடம் ஒதுக்கினால் போதும்: செய்தது, தவறியது, தவறியதற்குக் காரணம். மாரி வெள்ளத்தில் இரண்டு கிழமை விடுபட்டாலும், திகதி இல்லாததில் அடுத்த பக்கத்தில் தொடரலாம்; திகதியிட்டதில் வெறும் பக்கங்கள் கண்ணைக் குத்தும், ஆளும் விட்டுவிடுவார்.

வாங்குமுன் தாளைத் தடவிப் பாருங்கள். சதுர மீற்றருக்கு 80 கிராமுக்குக் குறைந்த தாளில் ஜெல் பேனை மறுபக்கம் ஊறக்கூடும், போல்பொயின்ற் பரவாயில்லை. கம்பிச்சுருள் மோட்டார் சைக்கிள் பையில் நசிந்துபோகும், நூல் கட்டு நல்லது. ஸ்டிக்கர் தாள்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

விலை கையைக் கடித்தால் 160 பக்க சி.ஆர். கொப்பி (கெட்டி மட்டைப் பெரிய கொப்பி) ஒன்று வாங்கிக் கோடு போடுங்கள். சக்கரத்துக்கும் இலக்குகளுக்கும் 4, மாதங்களுக்கு 24, கிழமைகளுக்கு 104 பக்கங்கள். மிஞ்சும் 28 பக்கங்களில் விதைநெல், உரம், கூலி, விற்ற விலை ஆகியவற்றின் கணக்கை எழுதலாம். கடை டயறி எதிலும் இதற்கென்று ஒரு பக்கமாவது இருந்தால் ஆச்சரியம்.