பழைய பீங்கானின் வயது: அடிமுத்திரையா, மண்ணா?

பழைய தட்டு கிடைத்தால் உடனே கவிழ்த்து முத்திரையைத்தான் தேடுவோம். அதுதான் வேகமான வழி. 1891 முதல் அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் ‘இங்கிலாந்து’ என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ஜப்பானின் பெயரான ‘நிப்பான்’ என்றால் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. பிரிட்டனின் வைர வடிவக் குறி 1842 முதல் 1883 வரை பதிவான வடிவமைப்புகளுக்கு உரியது. ஒன்றைக் கவனியுங்கள்: அது வடிவமைப்பைப் பதிந்த தேதி, தட்டைச் சுட்ட தேதி அல்ல.

ஆனால் முத்திரை ஏமாற்றவும் செய்யும். ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையின் முத்திரையான குறுக்கு வாள்களைப் பலர் நகலெடுத்தார்கள். சீனாவில் காங்ஷி பேரரசர் காலக் குயவர்களே, சுமார் இருநூறு ஆண்டு முந்தைய செங்குவா பேரரசரின் பெயரை அடியில் எழுதியிருக்கிறார்கள்!

மண் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். மெல்லிய பீங்கானில் ஒளி கசியும், சுடுமண்ணில் கசியாது. மெருகு பெயர்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுடுமண் உறிஞ்சிவிடும். அப்புறம் அடிவளையத்தின் கீறல்கள்: இயல்பான தேய்மானம் பல திசைகளில் ஓடும், உப்புத்தாளால் தேய்த்தது ஒரே திசையில் தெரியும். மெருகின் மயிரிழை வெடிப்பை மட்டும் நம்பாதீர்கள், தேநீரில் ஊறவைத்தே அதைப் பழசாக்கிவிடலாம்.

மண் ஆண்டைச் சொல்லாது, சரி. இருந்தாலும் நான் முதலில் மண்ணைத்தான் பார்ப்பேன்.