கோபிக்காரன் நாவலுக்குத் தஞ்சாவூர் எடிட்டர்: ஐந்தாண்டு அனுபவம்

நாவல் எழுதுகிறவன் கைக்காசைக் கொடுத்து எடிட்டர் வைத்துக்கொள்வது எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இன்னமும் வேடிக்கையான செய்திதான். "பிழை திருத்துவதற்கா இவ்வளவு பணம்?" என்று கேட்காத ஒரம்பறை (உறவுக்காரர்) இல்லை. ஐந்தாண்டுகளாக ஒரே எடிட்டருடன் வேலை செய்கிறேன். முதல் நாவல் அச்சாகிவிட்டது. இரண்டாவது இப்போது அவர் கையில் இருக்கிறது. பணம் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வரவு செலவு. 300 ரூபாய் விலையுள்ள நாவல் 300 பிரதிகள் விற்று, பத்து விழுக்காடு ராயல்டியும் ஒழுங்காக வந்தால் கையில் கிடைப்பது 9,000 ரூபாய். எடிட்டருக்கு நான் கொடுத்தது அதைப்போல் சில மடங்கு. போட்ட பணத்தைப் புத்தகத்திலேயே எடுத்துவிடலாம் என்று நினைப்பவர் இந்தப் பக்கம் வர வேண்டாம். மஞ்சள் விலை ஏறும் என்று நம்பிக் கடன் வாங்கியவருக்காவது ஒரு நல்ல ஆண்டு வரும்.

பதிப்பகம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். பார்த்துக்கொள்ளும் பதிப்பகங்கள் உண்டு. 1974இல் தொடங்கிய க்ரியா செம்மையாக்கத்துக்கென்றே பெயர் வாங்கியது. ஆனால் பல இடங்களில் நடப்பது மெய்ப்புத் திருத்தம் மட்டுமே. ஒற்று மிகுமா மிகாதா, 'ர'வா 'ற'வா என்பதோடு வேலை முடிந்துவிடும். எனக்கு முதலில் வாய்த்த ஒருவரும் அப்படித்தான். நூற்றுக்கணக்கில் ஒற்றுகளைச் சேர்த்து அனுப்பினார், கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாத்திரங்களின் பேச்சுக்குள்ளும் இலக்கணப்படி ஒற்றுப் போட்டிருந்தார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர் பட்டிமன்றத்தில் பேசுவதுபோல் ஆகியிருந்தது.

இப்போதைய எடிட்டர் கோவையில் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர்ப் பக்கம். மாதிரிக்கு ஓர் அத்தியாயத்தைத் திருத்திக் காட்டச் சொன்னேன். அவர் எதையும் திருத்தவில்லை. ஓரத்தில் கேள்விகளாக எழுதி அனுப்பினார். முதல் சுற்றில் கதை, இரண்டாம் சுற்றில் வாக்கியம், மெய்ப்பு பார்ப்பது வேறொருவர் என்பது அவர் வழக்கம். முதல் சுற்றில் எழுத்துப்பிழையைக்கூடத் தொடமாட்டார். "வெட்டப்போகிற பக்கத்துக்கு ஒற்றுப் போட்டு என்ன பயன், சார்?" என்பார்.

அந்த முதல் சுற்றுக்குத்தான் நான் கொடுத்த பணம் தகும். நாவலின் களம் கவுந்தப்பாடிப் பக்கத்துக் கீழ்பவானி ஆயக்கட்டு, அதாவது பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் பாயும் நிலம். கோபியைச் சுற்றியுள்ள தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் கொடிவேரி அணைத் தண்ணீர் இரண்டு போகத்துக்கும் வரும். கீழ்பவானியில் அப்படி இல்லை. ஆகஸ்ட் 15 வாக்கில் திறக்கும் தண்ணீர் பாதி ஆயக்கட்டுக்கு மட்டும் நெல்லுக்காகப் போகும். மீதிப் பாதிக்கு ஜனவரியில்தான் முறை; அதுவும் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கு. மறு ஆண்டு இது மாறும். மதகின் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் ஆண்டே தீர்மானமாகிவிடும். என் கதையில் பாகம் பிரிந்த அண்ணனுக்கு ஒரு மதகு, தம்பிக்கு வேறொரு மதகு. அண்ணன் நாற்று நடுகிறான், தம்பி வயல் காய்ந்து கிடக்கிறது. பிரதியில் இது வெறும் பின்னணியாக இருந்தது.

எடிட்டர் காவிரிப் பாசனத்துக்காரர். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா என்ற கணக்கிலேயே வளர்ந்தவர். ஓரத்தில் இப்படிக் கேட்டிருந்தார்: "ஒரே வாய்க்கால், ஒரே தண்ணீர். தம்பி ஏன் நடவில்லை? அண்ணன் மடையை அடைத்துவிட்டானா? கையில் காசில்லையா?" தொலைபேசியில் அழைத்து மதகு முறையை விளக்கினேன். நடுவில் சிறுசிறு சந்தேகங்கள் கேட்டாரே தவிரக் குறுக்கிடவில்லை. கடைசியில், "இவ்வளவும் நாவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்றார். எந்தப் பக்கத்திலும் இல்லை. ஈரோட்டு மாவட்ட உழவருக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவையே கிடையாது. திருநெல்வேலியில் படிப்பவருக்கு உண்டு.

அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அடுத்த வரைவில் பாகப்பிரிவினை முதல் அத்தியாயத்துக்கு வந்தது. தங்கையின் கல்யாணம் யாருடைய நெல் ஆண்டில் விழுகிறது, செலவை யார் தூக்குவது என்பதே சகோதரர் சண்டையாக ஆனது. அதுவரை அவர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்பதற்கு நான் சொல்லியிருந்த காரணங்கள் எல்லாம் தாமாக உதிர்ந்தன.

வெட்டியதும் உண்டு. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பவானிசாகர் அணையின் கதையையும், 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டின் விவரத்தையும் விரிவாக எழுதியிருந்தேன். "இது பொதுப்பணித்துறை அறிக்கை. யார் கண்ணால் பார்க்கிறோம்?" என்று எழுதிவிட்டார். அந்தப் பக்கங்கள் நல்ல பக்கங்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நாவலில் அவை இல்லாத குறை எனக்கே தெரியவில்லை.

உறவுமுறைச் சொற்களில் அவர் நடந்துகொண்ட விதம் பிடித்திருந்தது. அப்பாரு, அப்புச்சி, அமுச்சி, நங்கை எதையும் மாற்றச் சொல்லவில்லை. அடிக்குறிப்பு போட மட்டும் தடை. யார் யாருக்கு என்ன உறவு என்பது காட்சியிலேயே தெரிய வேண்டும் என்றார். எல்லாப் பாத்திரங்களுக்கும் பிறந்த ஆண்டு, ஊர், கல்யாண ஆண்டு எல்லாம் போட்டு ஒரு பட்டியலும் கேட்டு வாங்கினார். அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஒரு பாட்டி தன் மூத்த மகனைவிடப் பத்து வயதே மூத்தவள் என்பதைக் கண்டுபிடித்தார்.

குறைகளும் இருக்கின்றன. இரண்டாம் சுற்றில் வாக்கியத்தைச் சுருக்கும் ஆர்வம் அவருக்குக் கொஞ்சம் அதிகம். ஒப்பாரிக் காட்சியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று முக்கால்வாசியை நீக்கியிருந்தார். ஒப்பாரி திரும்பத்தானே வரும்! அதைப் பழையபடி வைத்துக்கொண்டேன். அவரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. சொன்ன தேதியில் பிரதி வந்ததும் அரிது. ஆகஸ்ட் மாத ஈரோடு புத்தகத் திருவிழாவைக் கணக்குப் போட்டு வைத்திருந்த நாவல் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குத்தான் வந்தது. பதிப்பாளரின் முகச்சுளிப்பை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

ஓர் எச்சரிக்கை. நாங்கள் இருவரும் யூனிகோடில், மாற்றங்கள் தெரியும்படி வேர்டு கோப்பில் வேலை செய்தோம். அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். 'ஔ'காரமும் கொம்பு போட்ட எழுத்துகளும் ஆங்காங்கே சிதறின. எடிட்டர் சரிபார்த்த பிரதிதானே என்று மெய்ப்பைப் பார்க்காமல் விடக் கூடாது. வடிவமைப்பு முடிந்த பிறகு வரும் பக்கங்களைத் தாளில் எடுத்து வரிவரியாகப் படிக்க வேண்டும். அது எடிட்டர் வேலையில் சேராது.

இரண்டாம் நாவலுக்கு ஒப்பந்தத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். முதல் சுற்றுக்குத் தனித் தொகை, அது முடிந்ததும் தொடர்வதா வேண்டாமா என்று இரு தரப்பும் முடிவெடுக்கலாம். கேள்விகள் மின்னஞ்சலில் வரும், பதில்கள் தொலைபேசியில் போகும். இந்த முறை கதை சென்னிமலைத் தறிக்காரர்களைப் பற்றியது. தறியைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மறுநாள் முன்பணம் அனுப்பிவிட்டேன்.