உளி தொடுமுன் எதைப் பூசுவது? வெள்ளைப் பூச்சும் அதன் போட்டிகளும்

மினுக்கிய பித்தளைத் தகட்டிலோ வெள்ளிக் காப்பிலோ பென்சிலால் நேரே ஒரு கொடியை வரைய முயன்றவருக்குச் சிக்கல் தெரிந்திருக்கும்: பென்சில் முனை வழுக்கும், பிடித்த கோடும் பளபளப்பில் மறைந்துவிடும். ஆகவே உலோகத்தில் கோடு செதுக்கும் சித்திர உளியை எடுக்குமுன் உலோகத்தின்மேல் மெல்லிய பூச்சு ஒன்று வேண்டும். எதைப் பூசுவது என்பதற்கு ஆளுக்கொரு விடை உண்டு. யாழ்ப்பாணத்தின் கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் நகைத்தொழில் செய்வோருக்குப் பழக்கமான முறையில், வேலையை அரக்கில் பதித்து அசையாமல் நிறுத்திச் செதுக்குபவரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். அந்த அரக்குத்தான், பின்னர் காண்பதுபோல, பாதித் தீர்ப்பைத் தானே எழுதிவிடுகிறது.

முதலாவது வெள்ளைப் பூச்சு. வின்சர் அன்ட் நியூட்டன் நிறுவனம் 1834இல் 'சைனீஸ் வைற்' என்ற பெயரில் அறிமுகப்படுத்திய இந்த நீர்வர்ணம், நாக ஒட்சைட்டும் பிசினும் சேர்ந்தது. ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் ஒரு சிறு ரியூப் வாங்கினால் நெடுங்காலம் போதும். அது கிடைக்காதபோது வெள்ளைப் போஸ்ரர் வர்ணமும் உதவும், ஆனால் அது சற்றுத் தடிப்பாகப் படியும். சவர்க்காரத்தால் எண்ணெய்ப் பசையைப் போக்கிய உலோகத்தில், விரல் நுனியை நனைத்துக் கடுகளவு வர்ணத்தைத் தொட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பரப்ப வேண்டும். உலோகம் உள்ளே மங்கலாகத் தெரியும் அளவே சரியான தடிப்பு. அதற்குமேல் போனால் உளி பட்ட இடத்தில் செதில் செதிலாக உரியும். பென்சில் கோடு இதன்மேல் காகிதத்தில் விழுவதுபோல விழும், பிடிக்காவிட்டால் ஈரத் துணியால் துடைத்து மீண்டும் வரையலாம், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் கண்ணைக் கூசும் பிரதிபலிப்பும் அடங்கிவிடும். பிசின் இல்லாமல் வெள்ளை மட்டும் போதாதா என்று ஒருமுறை திருநீற்றைக் குழைத்துப் பூசிப் பார்த்தேன். காய்ந்ததும் ஊதினாலே பறந்தது.

இதன் குறை வியர்வை. நண்பகல் புழுக்கத்தில் உள்ளங்கை பட்டால் வரைந்த பாதி கையோடு வந்துவிடும். அதனால் வரைந்து முடித்ததும் கூரூசியால் (கூர்முனை எஃகு ஊசியால்) கோடுகளை மெல்லக் கீறி, பூச்சைக் கழுவிவிட்டு, அந்தக் கீறலைப் பார்த்தே செதுக்குவது நல்லது. இது இரட்டை வேலைதான், ஆனால் கீறும்போதே கோட்டின் வளைவைத் திருத்த இரண்டாம் வாய்ப்புக் கிடைக்கிறது.

இரண்டாவது, இயந்திரப் பட்டறைக்காரர் பயன்படுத்தும் நீலக் குறியீட்டு மை. மதுசாரத்தில் கரைந்த இந்தச் சாயம் நிமிடத்தில் காய்ந்து, கை பட்டாலும் அழியாமல் நிற்கும். கூரூசியால் கீறினால் நீலத்தில் உலோகம் மின்னலாகத் தெரியும். கறுப்பு மார்க்கர் பேனாவும் இதே வேலையை ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாகச் செய்கிறது. ஆனால் இதன்மேல் பென்சில் கோடு தெரியாது. முதற் கீறலே இறுதிக் கீறல். அளவுகோலால் கோடிடும் வேலைக்கு அது போதும், கையோட்டமாக வளரும் கொடிக்கும் அன்னத்துக்கும் போதாது. அதைவிடப் பெரிய தடை, நீலத்தைப் போக்க ஸ்பிரிட் வேண்டும் என்பது. அரக்கும் ஸ்பிரிட்டில் கரையும். வேலையை இறக்காமல் துடைக்கப் போனால் ஓரத்து அரக்கு இளகித் தகட்டின்மேல் பழுப்பாக இழுபடும். அந்தப் பிசுக்கை நுண்ணிய வெட்டுக்குள்ளிருந்து எடுப்பது செதுக்குவதைவிடக் கடினம்.

மூன்றாவது, தெளிவான லாக்கர் அல்லது வார்னிஷை மிக மெல்லிதாகப் பூசி, கணினியில் இடவலம் மாற்றி அச்சிட்ட வடிவத்தை அதன்மேல் அழுத்திப் பதிப்பது. ஒரே பெயரையோ ஒரே பூவையோ பல பொருட்களில் பொறிக்க இதற்கு நிகரில்லை. ஆனால் இப்படிப் பூசும் அசற்றோன் கலந்த கரைசல் நமது காலநிலைக்குப் பணியாது. அசற்றோனின் கொதிநிலை 56 பாகை செல்சியஸ் மட்டுமே என்பதால், சித்திரை வெயிலில் தூரிகை மறுகரையை அடையுமுன்பே பூச்சு வரிவரியாக இறுகும். மாரியில் வேகமாக ஆவியாகும்போது குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து பூச்சு வெளிறிப்போகும். எரிபற்றும் பொருளாகையால் ஊதுவிளக்கு எரியும் மேசையில் அதற்கு இடமும் இல்லை.

தேன்மெழுகையோ பிளாஸ்ரிசினையோ ஒற்றி எடுத்து, மீதமான மெல்லிய பசையில் ட்ரேசிங் தாளின் பென்சில் கோட்டைப் பதிப்பதும் உண்டு. மோதிரத்தில் இரண்டெழுத்துப் பொறிக்க அது தாராளம், பெரிய தகட்டுக்கு ஆகாது. எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளைத் திரவத்தை யாராவது பரிந்துரைத்தால் கேட்க வேண்டாம், அது கட்டி கட்டியாகப் படிந்து உளியைத் தடுக்கும்.

வெள்ளிக்கும் பித்தளைக்கும் என் தெரிவு வெள்ளைப் பூச்சே. தண்ணீரால் போகும், அரக்கைத் தொடாது. உருக்குக் கத்தியின் அலகில் பொறிப்பதானால் மட்டும் நான் நீலத்துக்கு மாறுகிறேன். கடற்காற்று வீசும் ஊரில் உருக்கின்மேல் ஈர வர்ணத்தை இரவு முழுவதும் விட்டால், காலையில் கோட்டுக்குப் பதில் துருதான் இருக்கும். கத்தியை அரக்கில் பதிக்காமல் மரத்தில் இறுக்கிப் பிடிப்பதால், அங்கே ஸ்பிரிட்டாலும் கெடுதல் இல்லை.