ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி4: எட்டு மாதம் வைத்திருந்து பார்த்ததில்

கணினியில் செருகி வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவி இது. பார்க்கப் பென்டிரைவ் மாதிரி ஒரு அலுமினியப் பெட்டி. ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் ஆன்டெனா முறுக்க எஸ்எம்ஏ என்ற திருகு இணைப்பு. ஆன்டெனா கிட்டோடு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதற்கு முன் ஒரு ஆன்லைன் கடையில் பாதி விலைக்கு வாங்கியது போலி. சூடு ஏற ஏற அலைவரிசை நழுவிக்கொண்டே போகும். இதில் 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ, அதாவது சூட்டுக்கு ஈடுகொடுத்து அலைவரிசையைப் பிடித்து நிறுத்தும் பாகம், இருப்பதால் வைத்த இடத்தில் நிற்கிறது.

உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யு சிப், கணினியில் செருகி டிவி பார்க்கும் டாங்கிளுக்காகச் செய்தது. அது கச்சா சமிக்ஞையை அப்படியே கணினிக்குத் தரும் என்பதை 2012இல் அன்டி பலோசாரி என்ற லினக்ஸ் நிரலாளரும் ஆஸ்மோகாம் என்ற திறமூல மென்பொருள் குழுவினரும் வெளிக்கொண்டுவந்ததிலிருந்துதான் இந்தக் கூத்தெல்லாம்.

நிறுவும்போது நிதானம் வேண்டும். ஸாடிக் என்ற நிரலில் டிரைவரை மாற்றும்போது அவசரத்தில் பட்டியலில் மவுஸைத் தேர்ந்தெடுத்துத் தொலைத்தேன். மவுஸ் அங்கேயே செத்தது. வி4க்குப் புதிய டிரைவர் கட்டாயம், பழைய டாங்கிளோடு வந்ததை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 500 கிலோஹெர்ட்ஸ் முதல் 1.766 கிகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும், விமானம் பார்க்கலாம், எல்லாம் உண்மை. நான் வாங்கியது மீடியம் வேவுக்காக, அதாவது பழைய ஏஎம் வானொலிக்காக. தண்ணீர்த் தொட்டியிலிருந்து முருங்கை மரம் வரை ஒரு வயரை இழுத்து, எஸ்எம்ஏ பிளக்கின் நடு ஊசியில் பற்றவைத்தேன். அலைகளைத் திரையில் காட்டும் எஸ்டிஆர்++ என்ற நிரலைத் திறந்து, நடுவில் 1,200 கிலோஹெர்ட்ஸை வைத்து, அகலத்தை 2.4 மெகாஹெர்ட்ஸ் என்று கொடுத்தால் மீடியம் வேவ் முழுவதும் ஒரே திரையில் அடங்கிவிடும். ஒவ்வொரு நிலையமும் ஒரு செங்குத்துக் கோடு; புதியது மேலே வர, பழையது அருவி மாதிரி கீழே இறங்கும். நாங்கள் காரைக்குடி. திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ், பகலிலேயே தடித்த கோடாக நிற்கும். இருட்டியதும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாகக் கோடுகள் முளைக்கும்: சென்னை 720, இலங்கையின் புத்தளம் 882, தூத்துக்குடி 1053, நெல்லை 1197.

முதல் வாரம் இதெல்லாம் தெரியவில்லை. திரை முழுக்க மஞ்சள் சேறு, எல்லாம் இரைச்சல். ஒன்பது மணி வாக்கில் கரன்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சேறு அப்படியே வழிந்து கீழே இறங்க, அதன் மேலே கறுப்பில் இருபது முப்பது கோடுகள், பாவு நூல் மாதிரி. கரன்ட் வந்ததும் மறுபடி சேறு. அன்று ராத்திரி ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்துப் பார்த்தேன். “என்னடா, லைட்டோட விளையாடுற?” என்று அம்மா கீழேயிருந்து சத்தம் போட்டார். குற்றவாளிகள் மூன்று: லேப்டாப் சார்ஜர், மாடிப்படி எல்இடி, ஃபேன் ரெகுலேட்டர். ஃபேன் ஐந்தில் ஓடினால் இரைச்சல் இல்லை, மூன்றில் வைத்தால்தான் சனியன்.

குறை என்றால் 8 பிட்: பலமான சமிக்ஞையையும் மெலிதானதையும் ஒன்றாகத் தாங்கும் திறன் குறைவு. பக்கத்து நிலையம் பலமாக இருக்க, கெயினையும் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவையும்) ஏற்றினால் திருச்சியின் குரல் இல்லாத இடத்திலெல்லாம் கேட்கும். கெயினைக் குறைத்துப் பழகுவதுதான் வழி. இன்னொன்று, பழைய வீடியோக்களைப் பார்த்து, அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள் படம் பிடிக்கலாம் என்று வாங்கிவிடாதீர்கள். நோவா 15, 18, 19 மூன்றும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. படம் வேண்டுமென்றால் ரஷ்யாவின் மீட்டியார் செயற்கைக்கோள்கள் பக்கம் போக வேண்டும்.

கொடுத்த காசு ஜீரணமானது பதிவு செய்வதில்தான். பாட்டை மட்டுமல்ல, அலைப்பரப்பு மொத்தத்தையும் பதியலாம். நொடிக்கு 24 லட்சம் சமிக்ஞை மாதிரிகள், ஒவ்வொன்றும் 4 பைட், ஆக ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 35 ஜிபி. ஹார்ட் டிஸ்க் அழும்.

ஒருநாள் காலை காபியோடு வந்த அப்பா, “நேத்து எட்டரைக்குத் திருச்சியில என்ன போட்டான்? தூங்கிட்டேன்” என்றார்.

முந்தின இரவுக் கோப்பைத் திறந்து எட்டரைக்கு இழுத்து, 936இல் வைத்தேன். கொஞ்சம் மங்கி, மறுபடி ஏறி, நாகஸ்வரம் வந்தது.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். “நீ நேத்து சென்னைல்ல கேட்டுட்டு இருந்த?”

“ஆமாப்பா. இதுவும் அதே கோப்புக்குள்ளதான் இருக்கு.”

“அப்ப தூத்துக்குடி?”

1053க்கு நகர்த்தினேன். அதே எட்டரை, வேறு குரல். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரோல் வீலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பத்து மணிக்குத்தான் எழுந்தார். அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை, அழிக்க விடவும் மாட்டேன் என்கிறார். அடுத்த மாதம் 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும்.