பெற்றோருக்கான குழந்தை வளர்ச்சிப் பயிற்சி: குடும்பத்துக்கும் சூழலுக்கும் எவ்வளவு இடம் தருகிறது?

பெற்றோரையும் குழந்தைகள் காப்பகங்களில் பணியாற்றுவோரையும் மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட இந்த இணையவழிப் பயிற்சி, பிறப்பு முதல் எட்டு வயது வரையிலான வளர்ச்சியைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து விளக்குகிறது. ஒவ்வொரு பகுதியிலும் சில காணொளிகள், ஒரு வாசிப்புக் குறிப்பு, வீட்டில் செய்து பார்ப்பதற்கான ஒரு பணி, முடிவில் ஒரு சிறு தேர்வு ஆகியவை உள்ளன. காப்பகம் ஒன்றில் பெற்றோர் கூட்டங்களை நடத்தும் பொறுப்பு எனக்கு இருப்பதால், கூட்டத்துக்கு வருவோருக்கு இதைப் பரிந்துரைக்கலாமா என்று தெரிந்துகொள்வதற்காகவே முழுவதையும் படித்து முடித்தேன். பரிந்துரைக்கலாம், ஆனால், தரப்பட்டுள்ள வரிசையிலேயே படிக்க வேண்டாம் என்பதையும், சில பகுதிகளை அப்படியே ஏற்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன். குழந்தையைச் சூழ்ந்துள்ள குடும்பத்தையும் பண்பாட்டையும் வாழ்க்கை நிலையையும் கணக்கில் கொள்ளும் இடங்களில் இந்தப் பயிற்சி மிகத் தரமானது. அவற்றை மறந்து, குழந்தையையோ தாயையோ தனியே நிறுத்தி அளக்கும் இடங்களில், படிப்பவரைத் தவறான முடிவுக்கு அழைத்துச் செல்கிறது. இதே வடிவில் வேறு பல பயிற்சிகளும் கிடைப்பதால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே வாசகருக்கு முக்கியம் என்று கருதி, நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், சிறப்பான பகுதி. உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் விரிவாக முன்வைத்த சூழலியல் கோட்பாட்டை இரண்டாம் பகுதி எடுத்துக்கொள்கிறது. குழந்தை நேரடியாகப் பழகும் வீடும் பள்ளியும் முதல் வட்டம். அந்த இடங்களுக்கு இடையிலான உறவு இரண்டாவது. குழந்தை ஒருபோதும் காலடி வைக்காத, ஆனால் அதன் அன்றாடத்தை மாற்றிவிடுகிற இடங்கள் மூன்றாவது. சட்டமும் பொருளாதாரமும் நம்பிக்கைகளும் எல்லாவற்றையும் சூழ்ந்திருப்பது நான்காவது. பல பாடநூல்களில் இது வெறும் படமாக நின்றுவிடும். இங்கே மூன்றாம் வட்டத்துக்குத் தந்தையின் பணி நேரத்தை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறார்கள். வேலையிடத்தில் பகல் முறை இரவு முறையாக மாறுகிறது. அதனால் மாலையில் குழந்தையோடு பேச ஆளில்லை. உறங்கும் நேரம் தள்ளிப்போகிறது. மறுநாள் வகுப்பில் கவனம் சிதறுகிறது. ஆசிரியர் குழந்தையைக் குறை சொல்கிறார். அந்தக் குறை வீட்டில் சண்டையாகிறது. இத்தனைக்கும் தொடக்கமான முடிவை எடுத்த மேலாளருக்கு அந்தக் குழந்தையின் பெயர்கூடத் தெரியாது. இப்படி ஒரு தொடர்பைப் படிப்படியாகக் காட்டிய பிறகு, ஒரு வாரத்தில் குழந்தை யார் யாரோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று குறித்துவரச் சொல்லும் பணி தரப்படுகிறது. நான் நடத்தும் கூட்டங்களில் இதை ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டேன். குழந்தையின் நடத்தையைப் பற்றிய பேச்சு, குறை கூறுவதிலிருந்து காரணம் தேடுவதை நோக்கி உடனே திரும்புவதைக் காண முடிகிறது.

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பு பற்றிய பகுதி பாதி நன்று. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்ததிலிருந்து தொடங்கி, பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் உருவாக்கிய சோதனை முறை வரை தெளிவாகச் சொல்கிறார்கள். தாய் சற்று நேரம் அறையை விட்டு வெளியேறித் திரும்பும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டு, பாதுகாப்பான பிணைப்பு, விலகும் பிணைப்பு, தவிக்கும் பிணைப்பு என்று வகைப்படுத்தும் முறை அது. ஆனால் வகைகளைச் சொன்னதோடு பாடம் நின்றுவிடுகிறது. வான் ஐசென்டோர்னும் குரோனன்பெர்க்கும் 8 நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளைத் தொகுத்து 1988இல் வெளியிட்ட முடிவு இங்கே அவசியம் இடம்பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் பாதுகாப்பான பிணைப்பே மிகுதி என்றாலும், மேற்கு ஜெர்மனியில் விலகும் வகையும் ஜப்பானில் தவிக்கும் வகையும் ஒப்பீட்டளவில் கூடுதலாக இருந்தன. தாயை விட்டு ஒரு நிமிடமும் பிரியாமல் வளரும் குழந்தைக்கு அந்த அறையில் தனித்திருப்பது பேரச்சம்; தனியே விளையாடப் பழகிய குழந்தைக்கு அது அன்றாட நிகழ்வு. ஒரே சோதனை இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. அதைவிட முக்கியமானது, நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டிலும் ஒரே நாட்டுக்குள் காணப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்று அந்தத் தொகுப்பாய்வு கண்டறிந்ததாகும். பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது, ஒரு நாட்டுக் குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று முடிவு கட்டிவிடாமல் இருக்க அந்த ஒரு கண்டறிதல் போதும். அது இல்லாததால், படிப்பவர் தம் குழந்தைக்கு ஒரு வகைப் பெயரை ஒட்டிவிட்டு அஞ்சத் தொடங்குகிறார்.

மொழி வளர்ச்சிப் பகுதியிலும் இதே குறைதான். பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் 42 குடும்பங்களைக் கவனித்து 1995இல் வெளியிட்ட ஆய்வை முன்வைத்து, வறிய வீட்டுக் குழந்தை வசதியான வீட்டுக் குழந்தையைவிட 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று சொல்கிறார்கள். தாய் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும் என்ற அறிவுரையோடு பாடம் முடிகிறது. 2019இல் டக்ளஸ் ஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் அந்த முடிவைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள் என்பது எங்கும் சொல்லப்படவில்லை. தாய் குழந்தையை நோக்கிப் பேசும் சொற்களை மட்டும் எண்ணாமல், வீட்டில் உள்ள மற்றவர்கள் பேசுவதையும் குழந்தையின் காதில் விழும் பேச்சையும் சேர்த்து எண்ணினால், அந்த இடைவெளி அத்தனை பெரிதாக இல்லை என்றும், ஒரே வருவாய் நிலையில் உள்ள சமூகங்களுக்குள்ளேயே பெரும் வேறுபாடு உண்டு என்றும் அவர்கள் காட்டினார்கள். பாட்டியும் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் நிறைந்த வீட்டில் தாயின் சொற்களை மட்டும் எண்ணுவது எந்த வகையில் நியாயம்? காதில் விழும் பேச்சு எல்லாமே மொழி கற்கப் பயன்படுமா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது என்பதும் உண்மை. அந்த விவாதத்தையே பாடமாக வைத்திருந்தால் பெற்றோர் சிந்தித்திருப்பார்கள். இப்போதோ குற்ற உணர்வு மட்டும் மிஞ்சுகிறது.

என்னை மிகவும் வருத்தியது தற்கட்டுப்பாடு பற்றிய ஐந்தாம் பகுதி. வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய புகழ்பெற்ற சோதனை இதில் முழுமையாக நடித்துக் காட்டப்படுகிறது: இப்போதே ஓர் இனிப்பை எடுத்துக்கொள்ளலாம், பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் சிறந்து விளங்கினார்கள் என்று சொல்லி, வீட்டில் அதே சோதனையைச் செய்து பார்த்து முடிவைப் பதிவிடச் சொல்கிறார்கள். இந்தப் பணியைப் பெற்றோர் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 2013இல் செலஸ்ட் கிட்டும் உடன் ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகப் பெரியவர் கூறிச் சென்று, சொன்னபடியே கொண்டுவந்தார். மற்றொரு குழுவுக்கு அதே வாக்குறுதியைத் தந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அதன் பிறகு இனிப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் பொறுத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடங்கள். சொன்னது நடக்காத உலகில் வளரும் குழந்தைக்கு, கைக்குக் கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. 2018இல் டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, காத்திருப்பதற்கும் பிற்காலக் கல்வித் தேர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு முந்தைய ஆய்வில் கண்டதில் ஏறத்தாழப் பாதி அளவே இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் தொடக்க கால அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. குழந்தையின் குணம் என்று நாம் பெயர் சூட்டுவதில் எவ்வளவு பங்கு அதன் வீட்டின் நிலை என்பதை விளக்க இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. கையில் இருந்த அந்த வாய்ப்பைப் பயிற்சி தவறவிட்டிருக்கிறது.

வறுமை பற்றிய பகுதி மிகச் சுருக்கமானது. கடினமான சூழலிலும் அன்பான பெற்றோர் நல்ல குழந்தைகளை வளர்க்க முடியும் என்பதே அதன் சாரம். உண்மைதான். ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எமி வெர்னரின் ஆய்வில், பல இடர்களுக்கு நடுவே பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையான, பரிவுள்ள இளைஞர்களாக வளர்ந்தார்கள். அவர்களில் பலருக்கு, தாயோ தாத்தாவோ அண்டை வீட்டாரோ, உறுதியாக உடன்நின்ற ஒருவர் இருந்தார். இந்த ஆய்வைப் பயிற்சி அழகாக எடுத்துச் சொல்கிறது. ஆனால் எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கினரைப் பற்றி அது பேசவில்லை. வருவாய் மாறினால் வளர்ப்பும் மாறும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. வட கரோலினாவில் பூர்வகுடிச் செரோக்கி மக்களிடையே சூதாட்ட விடுதி ஒன்று திறக்கப்பட்டு, அதன் இலாபத்தில் ஒரு பங்கு குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அங்கே முன்பிருந்தே குழந்தைகளின் மனநலத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேன் காஸ்டெல்லோவின் குழு 2003இல் வெளியிட்ட முடிவின்படி, வறுமையிலிருந்து மீண்ட குடும்பங்களின் குழந்தைகளிடம் நடத்தைச் சிக்கல்கள், ஒருபோதும் வறுமையில் இல்லாத குழந்தைகளின் அளவுக்குக் குறைந்தன. பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே அதற்கு முதன்மையான காரணமாகத் தெரிந்தது. அந்தப் பெற்றோருக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. பெற்றோருக்கு வகுப்பு நடத்துவோர், என்னையும் சேர்த்து, மனத்தில் இருத்த வேண்டிய ஆய்வு இது.

பண்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது பத்தாம் பகுதி. அதாவது, எல்லாம் முடிந்த பிறகு சேர்க்கப்பட்ட ஒரு சிறு காணொளி. பல நாட்டு உடைகளில் குழந்தைகள் சிரிக்கும் காட்சிகளோடு அது முடிந்துவிடுகிறது. மூன்றாம் பகுதியில் உள்ள வளர்ச்சிப் படிகளின் அட்டவணையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் இழப்பு எவ்வளவு என்பது புரியும். கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே ஆய்வு செய்த சார்லஸ் சூப்பர், அங்குள்ள குழந்தைகள் உட்காரவும் நடக்கவும் முந்திக்கொள்வதையும், ஆனால் எல்லாத் திறன்களிலும் அப்படி முந்துவதில்லை என்பதையும் 1976இல் எழுதினார். காரணம் எளியது: உட்காரவும் நடக்கவும் அங்கே பெரியவர்கள் திட்டமிட்டுப் பழக்குகிறார்கள். எந்தத் திறனைக் குடும்பம் மதித்துப் பயிற்றுகிறதோ, அது முந்தி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நலமான குழந்தை துணையின்றி நடக்கத் தொடங்குவதற்கான இயல்பான கால எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர் இருந்தார்கள். பயிற்சியின் அட்டவணையோ நடப்பதற்கு ஒற்றை மாதத்தைக் குறித்து, அதைத் தாண்டினால் சிவப்பு நிறம் காட்டுகிறது. இத்தகைய நிறங்களைப் பார்த்துக் கலங்கிய தாய்மாரைக் கூட்டங்களில் அடிக்கடி சந்திக்கிறேன்.

முன்பருவக் கல்வித் திட்டங்கள் பற்றிய எட்டாம் பகுதிக்கு முழு மதிப்பெண் தரலாம். அமெரிக்காவின் இப்சிலான்டியில் 1962இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வில் 123 குழந்தைகள் கலந்துகொண்டதையும், ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்றதையும், அறிவுத்திறன் மதிப்பெண்ணில் கிடைத்த ஏற்றம் சில ஆண்டுகளில் மங்கிய பின்னும், 40 வயதில், அப்பள்ளியில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் வருவாயும் வாழ்க்கையும் மேம்பட்டிருந்ததையும் நேர்மையாக விளக்குகிறார்கள். ஜமைக்காவில் ஊட்டக் குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடையே சாலி கிரந்தம்-மெக்ரிகர் நடத்திய ஆய்வும் இருக்கிறது: வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள், சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து தாயோடும் குழந்தையோடும் விளையாடியதன் விளைவு, 20 ஆண்டுகளுக்குப் பிறகு வருவாயில் 25 விழுக்காடு உயர்வாகத் தெரிந்தது. மாதிரிகள் சிறியவை என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பகுதிகளை எழுதியவர்களும் இதே கவனத்தைக் காட்டியிருக்கலாம்.

காணொளிகளின் தரம், ஒலி, எழுத்துரை ஆகியவற்றில் குறையில்லை, தேர்வுகள் எளிமையானவை. ஆனால் ஒரு பதிவுக்கு ஒருவர் மட்டுமே உள்நுழைய முடியும் என்பது பெரிய தடை. குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவர் பாட்டியாக இருக்கலாம். மாலையில் தந்தையாக இருக்கலாம். அவர்கள் தனித்தனியே கட்டணம் செலுத்தாமல் பாடத்தைப் பார்க்க இயலாது. அதனால் தாய் மட்டும் படித்து, மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அது வீட்டில் உரசலை வளர்க்கவே வாய்ப்பு அதிகம்.

படிக்க விரும்புவோர் இரண்டாம் பகுதியில் தொடங்கி, எட்டாம் பகுதிக்குச் சென்று, பிறகு பிணைப்பு, மொழி ஆகியவற்றுக்குத் திரும்புவது நல்லது. ஐந்தாம் பகுதியின் வீட்டுச் சோதனையைத் தவிர்க்கலாம். மூன்றாம் பகுதியின் அட்டவணையில் சிவப்பைக் கண்டால் முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் கால எல்லைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். அந்த எல்லையும் கடந்திருந்தாலோ, முன்பு செய்துவந்ததைக் குழந்தை செய்யாமல் விட்டுவிட்டாலோ, செயலியை மூடிவிட்டுக் குழந்தைநல மருத்துவரிடம் செல்லவும். இக்குறைகளை எல்லாம் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். பண்பாட்டுப் பகுதியை அடுத்த பதிப்பில் விரிவாக்கி, முன்னே கொண்டுவரப்போவதாகப் பதில் வந்தது. குடும்பத்தினர் அனைவரும் ஒரே பதிவில் பார்க்கும் வசதி பற்றி அதில் எதுவும் சொல்லப்படவில்லை. அந்த வசதி வரும்வரை, ஒருவர் பெயரில் பதிவு செய்து, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வோர் எல்லோரும் ஒரே திரையின் முன் சேர்ந்து அமர்ந்து பார்க்குமாறு எங்கள் கூட்டங்களில் சொல்லிவருகிறேன்.