அமிகாஒன்: எக்ஸ்5000-ஆ, ஏ1222 பிளஸ்-ஆ?

அமிகாஓஎஸ் 4 (அமிகா கணினிகளின் இயங்குதளம்) ஓட்ட பவர்பிசி (ஒரு பிராசஸர் வகை) போர்டு தேடுபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது கிகாஹெர்ட்ஸை அல்ல, எஃப்பியூவை, அதாவது தசம எண் கணக்குகளைச் செய்யும் பிராசஸர் பகுதியை. ஏ1222-இல் இருக்கும் பி1022 சிப்பின் இ500வி2 கோர்களில் வழக்கமான பவர்பிசி எஃப்பியூ கிடையாது. எஸ்பிஇ என்ற வேறு வகைதான். பழைய புரோகிராம் `fmul` (தசம எண் பெருக்கல் கட்டளை) போட்டால் சிஸ்டம் அதை இடைமறித்து மென்பொருளில் கணக்கிடும். விண்டோ திறக்கும்போது ஒன்றும் தெரியாது. எம்பி3 என்கோடிங், முப்பரிமாண ரெண்டரிங் என்று போனால் நொண்டும். எஸ்பிஇ-க்கென்றே கம்பைல் செய்த பதிப்பு கிடைத்தால் தப்பிக்கலாம்.

எக்ஸ்5000/20-இன் பி5020 சிப் (2 கிகாஹெர்ட்ஸ், 64 பிட்) முழு எஃப்பியூ கொண்டது. ஆல்டிவெக் (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் வசதி) மட்டும் இல்லை. அது பழைய எக்ஸ்1000-இல் உண்டு. இரண்டு கோர் என்று மயங்கவேண்டாம்: அமிகாஓஎஸ் ஒன்றைத்தான் தொடும், இரண்டையும் வேலை வாங்க லினக்ஸ் வேண்டும். காசு இருந்தால் எக்ஸ்5000தான்.