மரக்கட்டை வீட்டு இடுக்குக்கு ஃபோமா நாரா? எங்க அனுபவம்
ஃபின்லாந்துல யுவாஸ்குலா பக்கம் ஏரிக்கரையில ஒரு பழைய வீடு 2017ல வாங்கினோம், முழு பைன் கட்டைய ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிக் கட்டினது. பாக்க அவ்ளோ அழகு, ஆனா வெளிய மைனஸ் 20னா இடுக்கு வழியா காத்து பிளேடு மாதிரி உள்ள வரும்.

மொதல்ல வடக்குச் சுவர் இடுக்குல ஸ்ப்ரே ஃபோம், அதாவது அடிச்சதும் ஊதி இறுகிப்போற நுரை, அடிச்சோம். அந்த குளிருக்கு நல்லாதான் இருந்துச்சு. ஆனா மரம் ஈரத்துல ஊதும், காஞ்சா சுருங்கும், ஃபோம் அதுக்கு வளைஞ்சு குடுக்காது, வெயில்ல மஞ்சளாகி விரல் பட்டாலே பொடியா உதிர ஆரம்பிச்சு, ஓரத்துல விரிசல் விட்டு, மழைத்தண்ணி உள்ள போய் காய வழியில்லாம அங்கயே நின்னுருக்கு. 2020ல சுரண்டிப் பாத்தா அடிக்கட்டை ஒரு முழத்துக்கு கறுத்துப்போய் ஸ்க்ரூடிரைவர் அப்படியே உள்ள இறங்குது. வயிறு எரிஞ்சுபோச்சு.

அப்புறம்தான் ஆளி நாருக்கு வந்தோம், இங்க அதை 'ரிவெ'னு சொல்வாங்க. மத்த சுவர்ல அந்த காலத்துல இடுக்குல அடைச்சு வச்ச பாசி இன்னும் கெடாம இருந்துச்சு, அந்தப் பாசிக்கு பேரே செய்னாசம்மல், அதாவது சுவர்ப்பாசி. அதை எடுக்காம மேலயே நாரை முறுக்கி வச்சு மழுங்கின உளியாலயும் மரச்சுத்தியாலயும் அடிச்சோம், நம்மூர் தோணிக்கு பலகை இடுக்குல நாரைத் திணிச்சு கலப்பத்து அடிப்பாங்கல்ல, அச்சு அசல் அதே வேலை. ஒரு சுவரை மட்டும் முழுசா முடிச்சுறாதீங்க, அந்தப் பக்கம் கட்டை தூக்கிக்கும், கீழ் வரிசைல ஆரம்பிச்சு வீட்டைச் சுத்திச் சுத்திதான் மேல வரணும்.

குறைனு பாத்தா, கை ரொம்ப வலிக்கும், அடுத்த வருஷம் தளர்ந்த எடத்துல திரும்ப அடிக்கணும், வசந்தத்துல குருவிங்க கூட்டுக்கு நாரை உருவிட்டுப் போகும். ஆனா இப்ப வரைக்கும் நார் வச்ச எடத்துல ஒரு கட்டைகூட கறுக்கல.

சாரல் நேரா அடிக்கிற மேற்குச் சுவருக்கு மட்டும் வெளிய மரத்துக்குனே வர்ற அக்ரிலிக் சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கிற பசை, போட்டோம். பின்னாடி ஃபோம் கயிறு வச்சுட்டுதான் போடணும், அப்பதான் மேல்கட்டை கீழ்கட்டை ரெண்டுல மட்டும் ஒட்டி ரப்பர் மாதிரி இழுபடும். சாதா சிலிக்கான் வேணவே வேணாம், அது மேல பெயின்ட் நிக்காது.

புதுசா கட்டின வீடுன்னா சீலன்ட்டுக்கு அவசரப்படாதீங்க, மொதல் சில வருஷம் கட்டை காஞ்சு சுவர் இறங்கிட்டே இருக்கும், அதுவரைக்கும் நார் போதும்.